விடைபெறுதல் என்னும் வால்ட்ஸ்

வீட்டை விட்டுப் புறப்படும் எவரும் நம்மிடையே 'போகிறேன்' என்று சொல்வதில்லை. 'போய் வருகிறேன்' என்றே சொல்கிறோம். வாய் தவறி 'போகிறேன்' என்று ஒருவர் சொல்லிவிட்டால், வீட்டிலுள்ள பெரியவர்கள் உடனே திருத்துவார்கள். பிரிவைக் குறிக்கும் சொல்லோடு திரும்பி வருதலையும் சேர்த்து முடிந்து வைத்த மொழி நம்முடையது. பிரெஞ்சு மொழியிலோ, நெடிய பிரிவின்போது சொல்லும் சொல் 'அதியு' என்பதாகும். 'இறைவனிடம்' என்பது அச்சொல்லின் நேர்ப்பொருள். திரும்பச் சந்திப்பது நம் கையில் இல்லை. ஆதலால் உன்னை இறைவனிடம் ஒப்படைத்துச் செல்கிறேன் என்பது அதன் உட்பொருள்.

இந்தப் பெயரைத் தாங்கிய சிறிய இசைப்படைப்பு ஒன்று உண்டு. பியானோவில் வாசித்தால் ஏறத்தாழ நான்கு நிமிடங்களில் முடிந்துவிடும். போலந்து நாட்டு இசைமேதை பிரெடெரிக் ஷோப்பன் 1835ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் எழுதித் தந்த வால்ட்ஸ் அது. அவர் அதற்குப் பெயர் எதுவும் சூட்டவில்லை. 'விடைபெறுதல்' என்ற பெயர் பின்வந்தோர் இட்டது. அவர்கள் அப்பெயரை இட்டது ஒரு காதல் கதையை மனத்தில் கொண்டு. ஆனால் வரலாற்றின் பக்கங்களைப் புரட்டும்போது, இச்சிறு இசையைச் சூழ்ந்து நின்ற பிரிவுகள் ஒன்றல்ல, பல என்பதைக் காண்கிறோம். அவற்றையே இக்கட்டுரையில் எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

ஆடுவதற்கன்று, கேட்பதற்கு

வால்ட்ஸ் என்பது முதலில் இசையின் பெயரன்று, நடனத்தின் பெயர். ஆஸ்திரியாவிலும் தென் ஜெர்மனியிலும் நாட்டுப்புற மக்கள் ஆடிய மூன்றடித் தாள நடனங்களிலிருந்து அது பிறந்தது. ஆணும் பெண்ணும் ஒருவரையொருவர் தழுவியபடி சுழன்று சுழன்று ஆடுவதே அதன் இயல்பு. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் நகரங்களுக்குள் நுழைந்த இந்நடனம், 1814-15இல் வியன்னாவில் கூடிய ஐரோப்பிய அரசுகளின் மாநாட்டுக்குப் பின் கண்டம் முழுவதும் பரவியது. அதுவரை எட்டி நின்று கைவிரல்களை மட்டும் தொட்டு ஆடிப் பழகிய மேட்டுக்குடியினருக்கு இது அதிர்ச்சியாகவும் இருந்தது, கவர்ச்சியாகவும் இருந்தது. 1816இல் இலண்டன் 'டைம்ஸ்' இதழ் இதனை நாணமற்ற அயல்நாட்டு நடனம் எனக் கண்டித்து எழுதியது.

இந்த நடனத்தின் தாளத்தை எடுத்துக்கொண்டு, ஆடுவதற்காக அன்றி அமர்ந்து கேட்பதற்காகப் பியானோவில் எழுதும் வழக்கம் மெல்ல வளர்ந்தது. 1819இல் வேபர் எழுதிய 'நடனத்திற்கு அழைப்பு' அவ்வழியில் ஒரு மைல்கல். ஷோப்பன் அவ்வழியை நெடுந்தூரம் கொண்டு சென்றார். ஆனால் அவருக்கும் வால்ட்ஸுக்கும் முதலில் நேர்ந்தது நட்பன்று, பிணக்கே. 1830இன் இறுதியில் இருபது வயது இளைஞராக அவர் வியன்னாவுக்கு வந்தபோது, அந்நகரம் ஸ்ட்ராஸ், லான்னர் ஆகியோரின் நடன இசையில் மயங்கிக் கிடந்தது. பதிப்பாளர்கள் அதைத் தவிர வேறெதையும் அச்சிட முன்வரவில்லை. இங்கே வால்ட்ஸுகளைப் போய்ப் படைப்புகள் என்கிறார்களே என்று அவர் தம் ஆசிரியர் எல்ஸ்னருக்குக் கசப்போடு எழுதினார். வியன்னாவின் இயல்பு தம்மிடம் ஒட்டவில்லை என்றும், வால்ட்ஸ் வாசிக்கத் தமக்கு இன்னும் வரவில்லை என்றும் ஒப்புக்கொண்டார்.

அந்தக் கசப்புக்கு வேறொரு காரணமும் உண்டு. அவர் 1830 நவம்பர் 2ஆம் நாள் வார்சாவிலிருந்து புறப்பட்டார். அதே மாதம் 29ஆம் நாள் உருசிய ஆட்சிக்கு எதிராக அங்கே கிளர்ச்சி வெடித்தது. தாயகம் போர்க்களமாகியிருந்த வேளையில் வியன்னா சுழன்று ஆடிக்கொண்டிருந்தது. 1831 செப்டம்பரில் வார்சா வீழ்ந்தது. அவ்வாண்டே பாரிஸ் சேர்ந்த ஷோப்பன், பின்னர் ஒருநாளும் தம் தாய்மண்ணை மிதிக்கவில்லை. 'போய் வருகிறேன்' என்று புறப்பட்டவரின் வாக்கில் பாதியே நிறைவேறியது.

1835 செப்டம்பர்

பாரிஸில் பியானோ கற்பித்தும் இசை எழுதியும் பேர் பெற்ற பிறகு, 1835 ஆகஸ்டில் அவருக்கு ஓர் அரிய வாய்ப்புக் கிட்டியது. போகிமியாவின் கார்ல்ஸ்பாட் நகரத்து நீரூற்றுகளில் நோய் தீர நீராட அவருடைய பெற்றோர் வருகின்றனர் என்று செய்தி வந்தது. ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளாகக் காணாத தந்தை மிக்கோவாயையும் தாய் யுஸ்தினாவையும் காண அவர் விரைந்தார். அங்கிருந்து சகோதரிகளுக்கு எழுதிய கடிதத்தில், மகிழ்ச்சியைச் சொல்லச் சொற்கள் இன்றித் தாங்கள் ஒருவரையொருவர் மீண்டும் மீண்டும் தழுவிக்கொண்டிருப்பதாகத் தெரிவித்தார். அக்கடிதத்தைப் படிக்கும் எவரும், வெளிநாட்டு வேலைக்குப் போன பிள்ளை ஊர் திரும்பிய வீட்டை நினைக்காமல் இருக்க முடியாது.

ஏறத்தாழ ஒரு மாதம் மூவரும் சேர்ந்திருந்தனர். பெற்றோரை வழியனுப்ப, எல்பே ஆற்றங்கரையில் உள்ள டெட்சென் என்னும் ஊர்வரை மகன் உடன் சென்றார். செப்டம்பர் 14ஆம் நாள் பிரிந்தனர். தந்தை அதன் பின் ஒன்பது ஆண்டுகள் வாழ்ந்து 1844இல் இறந்தார். தாய் மகனுக்குப் பின்னும் உயிரோடிருந்து 1861இல் மறைந்தார். ஆயினும் மகன் அவர்களை மறுபடி காணவே இல்லை. அதுவே கடைசிப் பிரிவு என்பதை அன்று மூவரில் ஒருவரும் அறியவில்லை.

டெட்சென் கோட்டையில் தங்கியிருந்த அந்நாள்களில், அங்கு வாழ்ந்த தூன் குடும்பத்துப் பெண்களின் நினைவேட்டில் ஷோப்பன் ஒரு வால்ட்ஸ் எழுதிக் கொடுத்தார். அதில் குறித்துள்ள நாள் செப்டம்பர் 15. பெற்றோர் புறப்பட்டதற்கு மறுநாள். அது ஏ ஃப்ளாட் மேஜர் என்னும் சுரநிலையில் அமைந்த, துள்ளி ஓடும் உற்சாக இசை. சில நாள்களில் டிரெஸ்டன் சென்று அங்கே இன்னொரு வால்ட்ஸ் எழுதினார். அதுவும் அதே சுரநிலையில் அமைந்தது. ஆனால் ஒன்று பகல் போன்றது. மற்றொன்று அந்தி போன்றது. முதலாவது 1838இல் அச்சேறி உலகுக்குச் சென்றது. இரண்டாவதை அவர் வாழ்நாள் முழுவதும் அச்சுக்குக் கொடுக்கவில்லை. அந்த இரண்டாவதுதான் நாம் பேசும் வால்ட்ஸ்.

செல்வி மரியாவுக்கு

டிரெஸ்டனில் அவர் சந்தித்தது வோஜின்ஸ்கி என்னும் போலந்துக் குடும்பத்தை. அக்குடும்பத்துப் பிள்ளைகள் முன்பு வார்சாவில் ஷோப்பனின் தந்தை நடத்திய மாணவர் விடுதியில் தங்கிப் படித்தவர்கள். அன்று சிறுமியாக இருந்த மரியா இப்போது பதினாறு வயது நங்கை. பியானோ வாசிப்பாள், ஓவியமும் வரைவாள். பெற்றோரைப் பிரிந்து வந்தவருக்கு அந்த இல்லம் வார்சாவின் ஒரு துண்டாகவே தோன்றியிருக்க வேண்டும். தாய்மொழிப் பேச்சு, அறிந்த பெயர்கள், பழைய நினைவுகள் எல்லாம் அங்கே இருந்தன. செப்டம்பர் இறுதியில் விடைபெறும்போது, 'செல்வி மரியாவுக்கு' என்று எழுதி இந்த வால்ட்ஸை அவளிடம் தந்தார்.

மறு ஆண்டு மரியன்பாட் நகரில் அக்குடும்பத்தோடு கோடையைக் கழித்தார். மரியா அவரை நீர்வண்ணத்தில் வரைந்த ஓவியம் அக்காலத்தது. அங்கிருந்து அனைவரும் டிரெஸ்டன் சென்றனர். 1836 செப்டம்பர் 9ஆம் நாள் அந்தி வேளையில், மரியாவை மணக்கத் தமக்கு விருப்பம் என்று தெரிவித்தார். மரியாவும் இசைந்தாள். தாய் தெரேசா மறுக்கவில்லை. ஆனால் செய்தியை வெளியே விடவேண்டாம் என்றார். உடல்நலத்தைக் காத்துக்கொள்ளும்படியும், கம்பளிக் காலுறை அணியும்படியும், இரவில் நேரத்தோடு உறங்கும்படியும் கடிதத்தில் எழுதினார். மேலோட்டமாகப் பார்த்தால் இது ஒரு தாயின் பரிவு. உள்ளே அது ஒரு நிபந்தனை. முந்திய குளிர்காலத்தில் ஷோப்பன் கடும் நோயுற்றதும், அவர் இறந்துவிட்டார் என்ற வதந்தியே வார்சாவில் பரவியதும் அக்குடும்பம் அறிந்த செய்திகள். நெஞ்சுநோய் உள்ளவருக்கு மகளைக் கொடுக்கத் தயங்குவதை எந்தப் பெற்றோர் மீதும் குற்றமாகச் சாட்ட முடியாது.

கடிதங்கள் குறைந்தன, பின்னர் குளிர்ந்தன. 1837இல் எல்லாம் முடிந்தது. யாரும் மறுப்புச் சொல்லாமலே மறுப்பு நிகழ்ந்துவிட்டது. ஷோப்பன் இறந்த பிறகு, அக்குடும்பத்தின் கடிதங்கள் ஒரே கட்டாகக் கட்டப்பட்டிருந்ததைக் கண்டார்கள். அதன்மேல் 'என் துயரம்' என்று பொருள்படும் இரு போலந்துச் சொற்கள் அவர் கையெழுத்தில் இருந்தன. தெரேசா அம்மையாரிடமோ மரியாவிடமோ அவர் ஒரு வசைச்சொல்லும் சொன்னதாகத் தெரியவில்லை.

1886இல் வோஜின்ஸ்கி குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் ஷோப்பனின் காதல்களைப் பற்றி நூல் ஒன்று வெளியிட்டார். இந்த வால்ட்ஸில் காதலரின் மெல்லிய பேச்சும், மணிக்கூண்டின் ஓசையும், புறப்படும் வண்டிச் சக்கரங்களின் இரைச்சலும் கேட்பதாகக் கூறும் கதை அவ்வழி வந்தது. கேட்க அழகிய கதைதான். ஆனால் அதை அப்படியே ஏற்பதற்குத் தடையாக ஓர் உண்மை நிற்கிறது.

மூன்று கைகளில் ஒரே இசை

இந்த வால்ட்ஸை ஷோப்பன் மரியாவுக்கு மட்டும் எழுதித் தரவில்லை. 1837இல் எலிசா பெருட்சி என்னும் பெண்மணிக்கும், 1842இல் சார்லோட் டி ராத்சைல்ட் சீமாட்டிக்கும் தம் கையாலேயே மீண்டும் படியெடுத்துக் கொடுத்தார். இதை அறிந்தவுடன் சிலர் முகம் சுளிக்கக்கூடும். காதலியின் பொருட்டு எழுந்த இசையை வேறு பெண்களுக்கும் தரலாமா எனக் கேட்கக்கூடும்.

ஆனால் வேறொரு கோணத்தில் பார்ப்போம். வால்ட்ஸ் என்பது பாரிஸில் நல்ல விலைக்குப் போகும் சரக்கு. 1834இல் தம் முதல் வால்ட்ஸை அச்சிட்டதிலிருந்து ஷோப்பன் தம் வாழ்நாளில் வெளியிட்டவை எட்டு மட்டுமே. எழுதியவை அதைவிட மிகுதி. வெளியிடாதவற்றை அவர் குப்பையில் எறியவில்லை. நெருங்கியவர்களுக்குப் பரிசாகத் தந்தார். 1842இல் ஒரு பெண்மணிக்கு எழுதிய கடிதத்தில், தாம் அனுப்பிய வால்ட்ஸை அவரே வைத்துக்கொள்ள வேண்டும், அது பொதுவில் வருவதைத் தாம் விரும்பவில்லை என்று குறிப்பிட்டார். கடையில் விற்பது ஒன்று, கையில் கொடுப்பது ஒன்று என்று அவர் பிரித்து வைத்திருந்தார் என்பது இதனால் விளங்குகிறது. நியூயார்க்கின் மார்கன் நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டு 2024 அக்டோபரில் உலகுக்கு அறிவிக்கப்பட்ட வால்ட்ஸ் ஒன்றும், உள்ளங்கையளவு தாளில்தான் எழுதப்பட்டுள்ளது. பரிசாகத் தருவதற்கு ஏற்ற அளவு அது.

இந்த வால்ட்ஸைக் கேட்கும்போதே அது கூட்டத்திற்கான இசையன்று என்பது புலனாகும். இடக்கை, நடனத்தின் வழக்கப்படி, முதலடியில் ஆழ்ந்த ஒரு சுரத்தையும் அடுத்த இரண்டடிகளில் மெல்லிய இசைவுச் சுரங்களையும் ஒலிக்கிறது. வலக்கையின் பாட்டோ அந்தத் தாளத்தோடு ஆட மறுக்கிறது. அரைச்சுரம் அரைச்சுரமாகக் கீழிறங்குகிறது. சொல்ல வந்ததைச் சொல்லாமல் தயங்குகிறது. மீண்டும் மேலேறித் தொடங்குகிறது. இடையே ஒளி மிகுந்த பகுதிகள் வருகின்றன. ஒரு கணம் நடன மண்டபத்தின் விளக்குகள் எரிவது போலத் தோன்றும். ஆனால் ஒவ்வொரு முறையும் இசை தன் முதற்பாட்டுக்கே திரும்பி வந்துவிடுகிறது.

இறக்கும் முன் சொன்ன சொல்

1849 அக்டோபரில், பாரிஸின் வாந்தோம் சதுக்கத்து வீட்டில் ஷோப்பன் மரணப் படுக்கையில் இருந்தார். வார்சாவிலிருந்து மூத்த சகோதரி லுட்விகா வந்து பணிவிடை செய்தார். நெடுநாள் திருச்சபையின் வழிபாட்டிலிருந்து விலகி நின்ற அவரை, பழைய நண்பரும் போலந்து நாட்டுக் குருவுமான யெவோவிட்ஸ்கி அடிகளார் பலமுறை வந்து சந்தித்தார். இறுதியில் ஷோப்பன் ஒப்புரவு அருட்சாதனம் பெற்று இறைவனோடு சமாதானமானார் என்பதை அக்குரு எழுதிய கடிதத்தின் வாயிலாக அறிகிறோம். அக்டோபர் 17 அதிகாலையில் அவர் உயிர் பிரிந்தது. வயது முப்பத்தொன்பது.

அதற்கு முன் அவர் உடனிருந்தவர்களிடம் ஒரு வேண்டுகோள் வைத்தார். அச்சேறாமல் கிடக்கும் தம் கையெழுத்துப் படிகளை எரித்துவிட வேண்டும் என்பதே அது. நிறைவுறாத எதையும் மக்கள் முன் வைப்பது மக்களுக்குச் செய்யும் அவமதிப்பு என அவர் கருதினார். ஒரு வரியை அடித்து அடித்துத் திருத்துவதில் வாரக்கணக்காகச் செலவிட்டவரின் மனச்சான்று அவ்வாறு பேசியது.

குடும்பத்தார் அவ்வேண்டுகோளை நிறைவேற்றவில்லை. தாயும் சகோதரிகளும் இசைவளிக்க, இளமைக்கால நண்பரும் அவருடைய படைப்புகளைப் பலமுறை படியெடுத்தவருமான ஃபொன்டானா, அவற்றுள் பலவற்றைத் தேர்ந்து 1855இல் வெளியிட்டார். ஷோப்பனே இவற்றை வாசிக்கத் தாம் கேட்டிருப்பதாகவும் அவர் உறுதி கூறினார். நம் வால்ட்ஸ் அவ்வாறே 69ஆம் எண்ணின் கீழ் முதலாவதாக அச்சேறியது.

இறந்தவரின் சொல்லை மீறுவது முறையா? இக்கேள்வியை எளிதாகத் தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை. தந்தையின் கடைசி விருப்பம், தாயின் கடைசிச் சொல் என்பவற்றைக் கட்டளையாகக் கொள்ளும் சமுதாயம் நம்முடையது. பேசமுடியாதவரின் சொல்லுக்குக் காவலாக நிற்பவர் உயிரோடிருப்பவரே. அவரும் கைவிட்டால் யார் காப்பார்? அந்த வகையில் ஃபொன்டானாவின் செயலில் ஒரு முள் இருக்கவே செய்கிறது. அவர் அச்சிட்ட வடிவம் ஷோப்பனின் கையெழுத்துப் படிகளோடு எல்லா இடத்திலும் ஒத்துப்போகவும் இல்லை.

ஆயினும் இந்த வால்ட்ஸைப் பொறுத்தவரை வேறொன்றையும் எடைபோட வேண்டும். எரிக்கச் சொன்னவரே இதை மும்முறை தம் கையால் எழுதி மூவருக்குக் கொடுத்திருந்தார். தகுதியற்றது என்று எண்ணியிருந்தால் ஏழாண்டு இடைவெளிக்குள் மூன்று முறை பரிசளித்திருப்பாரா? கொடுத்த பரிசைத் திரும்பப் பெற்று எரிக்கும் உரிமை கொடுத்தவருக்குக்கூட இல்லை. ஃபொன்டானா அச்சிடாமல் விட்டிருந்தாலும், அந்தத் தாள்கள் மூன்று இல்லங்களில் காத்துக் கிடந்திருக்கும். குடும்பத்தார் அவர் சொல்லை மீறினார்கள் என்பது உண்மை. ஆனால் அவருடைய சொல்லைவிடப் பழையதாகிய அவருடைய கொடையோடு அவர்கள் ஒத்துப்போனார்கள் என்பதும் உண்மை.

வரலாறு இதற்கு ஒரு கொடிய எதிர்ப்பக்கத்தையும் எழுதி வைத்தது. ஷோப்பன் பாரிஸிலிருந்து வீட்டாருக்கு எழுதிய கடிதங்களையும், இளமையில் வாசித்த பியானோவையும் சகோதரி இசபெலா வார்சாவில் பத்திரமாகக் காத்து வந்தார். 1863இல் அவர் குடியிருந்த சமோய்ஸ்கி மாளிகையிலிருந்து உருசிய ஆளுநர் மீது குண்டு வீசப்பட்டது. சினங்கொண்ட படைவீரர்கள் மாளிகைக்குள் புகுந்து, அகப்பட்ட பொருள்களையெல்லாம் வீதியில் எறிந்து தீயிட்டார்கள். பியானோ சாளரத்தின் வழியே வீழ்ந்தது, கடிதங்கள் சாம்பலாயின. எரிக்கச் சொன்னவை பிழைத்தன. காத்து வைத்தவை எரிந்தன. பூட்டி வைத்தவற்றுக்கு ஒரே வாயில்தான். பகிர்ந்து கொடுத்தவற்றுக்குப் பல வாயில்கள் என்று இதிலிருந்து நாம் கற்கலாம்.

உள்ளம் தங்கிய இடம்

அக்டோபர் 30ஆம் நாள் பாரிஸின் மாட்லேன் ஆலயத்தில் இரங்கல் திருப்பலி நடைபெற்றது. அவ்வாலயத்தின் பாடகர் குழுவில் அக்காலத்தில் பெண்களுக்கு இடமில்லை. மொசார்ட்டின் 'ரெக்குவியம்' பாடப் பெண்குரல் வேண்டியிருந்ததால் தனி அனுமதி பெற்று, கறுப்புத் திரைக்குப் பின்னால் அவர்களை நிறுத்திப் பாட வைத்தார்கள். உடல் பெர் லாஷேஸ் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டது. இதயமோ, அவர் விருப்பப்படி லுட்விகாவின் கையில் வார்சாவுக்குச் சென்றது. இன்று அது அந்நகரின் திருச்சிலுவை ஆலயத் தூண் ஒன்றினுள் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில், 1944இல், அங்கிருந்து அகற்றப்பட்ட அதனை 1945 அக்டோபர் 17ஆம் நாள், அவருடைய நினைவுநாளிலேயே, திரும்பக் கொண்டுவந்து வைத்தார்கள். அத்தூணில் மத்தேயு நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்து இருபத்தோராம் வசனம் பொறிக்கப்பட்டுள்ளது. நம் செல்வம் எங்கே இருக்கிறதோ, அங்கேயே நம் உள்ளமும் தங்கும் என்னும் பொருளுடைய இயேசுவின் மொழி அது.

இப்போது அந்த நான்கு நிமிட இசைக்குத் திரும்புவோம். அது மரியாவிடமிருந்து விடைபெற்ற இசை என்பதை நாம் மறுக்கவில்லை. தாளில் அவள் பெயரே இருக்கிறது. ஆனால் அதை எழுதிய கை, சில நாள்களுக்கு முன்புதான் டெட்சென் பாதையில் தந்தைக்கும் தாய்க்கும் கையசைத்த கை. மனித உள்ளத்தில் தாய்க்கு ஓர் அறை, காதலிக்கு ஓர் அறை, தாயகத்திற்கு ஓர் அறை என்று சுவரெழுப்பிப் பிரிவுகளைத் தனித்தனியே அடைத்து வைக்க முடிவதில்லை. ஒரு பிரிவின் கண்ணீரில் மற்றெல்லாப் பிரிவுகளின் உப்பும் கலந்தே இருக்கிறது.

நம்முள் யாருக்கும், எந்தப் பிரிவு கடைசிப் பிரிவு என்று முன்கூட்டியே சொல்லப்படுவதில்லை. பேருந்து நிலையத்தில் ஏற்றிவிட்ட தந்தையை, மருத்துவமனை வாசலில் கைகாட்டிய நண்பரை, அவசரத்தில் சரியாக நோக்காமலே வந்துவிட்டோமே எனப் பின்னர் ஏங்குபவர்கள் நம்மில் எத்தனையோ பேர். அத்தகைய நேரத்திற்கு 'அதியு' என்ற சொல்லைவிடப் பொருத்தமானது வேறில்லை. நாம் காக்க இயலாத இடத்தில் இறைவன் காக்கட்டும் என்பதே அதில் அடங்கிய வேண்டுதல்.

ஆயினும் இந்த வால்ட்ஸின் அமைப்பைக் கவனித்தால், அது நம் தமிழ் வழக்கையும் அறிந்தது போலவே தோன்றுகிறது. முதற்பாட்டை விட்டு அது போகிறது; போய்த் திரும்பி வருகிறது. இரண்டாம் முறையும் போகிறது, திரும்பி வருகிறது. ஷோப்பனால் தம் வாழ்க்கையில் சொல்லி நிறைவேற்ற முடியாத 'போய் வருகிறேன்' என்பதை, அவருடைய இசை ஒவ்வொரு முறை வாசிக்கப்படும்போதும் நிறைவேற்றிக்கொண்டிருக்கிறது.